இடைவேளை வரை சொன்ன படம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பாக்கியம் அக்காவுக்கு அஞ்சலி எழுதும் அளவுக்கு அவரை அறிந்தவளும் இல்லை. அவரை நிறைய சந்தேகப்பட்டவள் என்று வேண்டுமானால் சொல்லலாம். என்னைவிட நீண்ட காலம் அவரோடு பழகியவர்கள் இந்த ஞாயிறு மலரைப் படிப்பீர்கள். நீங்கள் எழுதியிருக்க வேண்டியதை நான் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் ஃபெரியில் மேல்தளத்து பெஞ்சில் என் பையை வைத்து அக்காவுக்கு இடம் பிடித்திருந்தேன். எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் ரோஸி வந்து பக்கத்தில் நின்றாள்.

“பையை எடு கமலா. அக்கா இனி வரமாட்டாங்க. நேத்து சாயங்காலம் வீட்டுலயே இறந்துட்டாங்களாம்.”

“யார் சொன்னா?” என்று கேட்டேன்.

“இதுல கூடவா உனக்கு சந்தேகம்?” என்றாள் ரோஸி. என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் காலையில் இதே பெஞ்சில் எனக்குப் பாதிப் படம் சொன்னவர் எப்படி இறந்துபோக முடியும் என்றுதான் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனபாக்கியம் என்பது முழுப்பெயர். தீவின் பீச் ஸ்ட்ரீட்டில் நாங்கள் வேலை செய்யும் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். காலை ஃபெரியில் ஒரு படத்தின் கதையை இடைவேளை வரை சொல்வார். ஃபெரி தீவில் முட்டும்போது சரியாக இடைவேளை வரும். மீதிக் கதை மாலையில், திரும்பும் ஃபெரியில். நடுவே முழு நாளும் சரக்கு பில்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். “அவ கதி என்ன ஆச்சு அக்கா?” என்று யாராவது மேசைப் பக்கம் வந்து கேட்டால், “டிக்கெட் எடுத்துட்டு பாதியில கேக்கக் கூடாதுலா” என்பார்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக் கூடாது என்று பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டதை ஃபெரியிலும் விடவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், அக்கா சொன்ன ஒரு படத்தைத் தோழிகளோடு போய்ப் பார்த்தேன். மறுநாள் கேட்டேன்.

“அக்கா, அந்தப் பொண்ணு கடைசியில கடல்ல விழுந்து செத்துப் போறா. நீங்க தையல் கடை வெச்சு நல்லா இருந்தான்னு சொன்னீங்க.”

“லைட் போடற வரைக்கும் இருந்தியா?”

“இருந்தேன்.”

“அப்ப உனக்கு வேற ரீல் ஓட்டியிருக்கான்லா. கவுண்டர்ல போய்க் கேளு, காசைத் திருப்பிக் கொடுப்பான்.” பெஞ்சு முழுவதும் சிரித்தது. பிறகு என் பக்கம் குனிந்து, “படம் முடிஞ்சிருச்சின்னு உடனே எழுந்திரிக்கக் கூடாது கமலா. லைட் போடற வரைக்கும் யாருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது” என்றார்.

புத்தகத்திலும் அவரைச் சோதித்தேன். நான் படித்து முடிக்கும் நாவல்களை வாங்கிப் போய் மறுநாளே திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை நடுப்பக்கத்தில் என் தலைமுடி ஒன்றை வைத்துக் கொடுத்தேன். முடி வைத்த இடத்திலேயே திரும்பி வந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். “படிச்சீங்களா அக்கா?” என்றேன். “படிச்சேனே. உன் முடி ஒண்ணு உள்ள இருந்துச்சி. நீ அடையாளத்துக்கு வெச்சிருப்பேன்னு அங்கேயே வெச்சிட்டேன்” என்றார். அந்தப் பதிலை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடுவதற்குள் செய்ய வேண்டியவை என்று அவருக்குச் சில ஆசைகள் இருந்தன. மலை ரயிலில் ஏறிப் போய் உச்சியில் ஐஸ் கச்சாங், அந்தத் துருவிய ஐஸ் இனிப்பு, சாப்பிட வேண்டும். ஒரு நாள் முழுக்க இறங்காமல் ஃபெரியிலேயே போய் வர வேண்டும். தீவின் மறுகோடியில் பாலிக் புலாவில் டுரியான் பழம் மரத்திலிருந்து விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு என்னையும் அழைத்தார். பஸ்ஸில் வளைந்து வளைந்து போய், ஒரு மலாய்க்காரப் பெரியவரின் தோட்டத்தில் மதியம் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒரு பழமும் விழவில்லை. பெரும்பாலும் இரவில்தான் விழும் என்று பெரியவர் சிரித்தார். கூடையில் கிடந்ததை உடைத்துக் கொடுத்தார். அக்கா தொடவில்லை.

“எனக்கு அந்த வாசமே ஆகாது” என்றார்.

“அப்புறம் ஏன் அக்கா இவ்வளவு தூரம்?”

“திங்கறதுக்கா வந்தேன்? பார்க்கத்தானே வந்தேன்.”

திங்கட்கிழமை ஃபெரியில், பழம் எங்கள் காலடியில் எப்படி விழுந்தது, தரை எப்படி அதிர்ந்தது, நான் எப்படி அலறினேன் என்று விரிவாகச் சொன்னார். கடைசியில், “இல்லியா கமலா?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அக்காவை நினைத்தால் எனக்கு அந்தப் பழம் விழும் சத்தம் கேட்கிறது.

துக்க வீட்டில் பெண்கள் அவர் சொன்ன படங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். “கடைசியில புருசன் கால்ல விழுந்து திரும்பப் போயிட்டாளே, பாவம்” என்றார் ஒருவர். “எங்க போனா? அம்மா வீட்டுலயே இருந்துட்டான்னுதானே எனக்குச் சொன்னாங்க” என்றாள் ரோஸி. எனக்கு அதே படத்தைச் சொன்னபோது அவள் தையல் கடை வைத்திருந்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அக்காவின் தம்பி மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்தபடி, “அண்ணி எங்க படம் பார்த்தாங்க? இருட்டுல உக்காந்தா தலைவலி வந்துரும். தியேட்டர் வாசல்ல போஸ்டரைப் பார்த்துட்டு, மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு வந்துருவாங்க” என்றார்.

அதையும் நான் உடனே நம்பவில்லை. அதற்குக் காரணம் அவர் இறந்த அந்த வெள்ளிக்கிழமை காலை எனக்கு மட்டும் அவர் சொன்ன படம். எந்தத் தியேட்டரில் ஓடுகிறது, வாசல் போஸ்டர் எப்படி இருக்கும் என்பதிலிருந்தே தொடங்கினார்.

ஒரு துறைமுக ஊரில் ஒரு பெண். அவள் அப்பா தண்டவாள வேலை செய்கிறவர். கடல் தாண்டி வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. வீட்டில் சொல்லாமல் மறைக்கிறாள். ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பும்போது, அப்பா அலமாரியின் மேலிருந்து பழைய பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று தெரியாமல் அவள் வாசலிலேயே நிற்கிறாள். ஃபெரி கரையில் முட்டியது. “இடைவேளை” என்று அக்கா எழுந்துவிட்டார்.

அது என் கதையாக இருந்தது. என் அப்பாவும் ரயில்வேயில் தண்டவாள வேலைதான் செய்கிறார். கடல் தாண்டி கூச்சிங்கில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போன நாளில் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாள் அக்கா என் காலைப் பார்த்து, “காய்ச்சல்ல படுத்துக்கிட்டே செருப்புக்கு பாலிஷ் போட்டியா?” என்று மட்டும் கேட்டிருந்தார். வேலை விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மாலை ஃபெரியில் நேராகவே கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அவர் தலைவலி என்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு, அவர் சொன்ன அந்தத் தியேட்டருக்குப் போனேன். வாசலில் போஸ்டர் அவர் சொன்னபடியே இருந்தது: கையில் பையோடு ஒரு பெண், பின்னால் கடல். உள்ளே கள்ளக்கடத்தல்காரர்களை ஒரு போலீஸ்காரர் துரத்தினார். அந்தப் பெண் ஒரு பாட்டுக்கு வந்து போனாள். தண்டவாளமும் இல்லை, பெட்டியும் இல்லை. இருந்தும் லைட் போடும் வரை நான் எழுந்திருக்கவில்லை. துப்புரவு செய்யும் சீனக் கிழவி துடைப்பத்தால் என் நாற்காலியைத் தட்டினார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. அதோடு, பாலிக் புலாவில் விழாத ஒரு பழம்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியின் மேலேயும் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. வீட்டில் தூசி துடைப்பவள் நான்தான். பெட்டியை நான் தொட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. போன வாரம் பார்த்தேன். அதன் மேல் தூசி இல்லை. அக்கா மீன் வாங்கும் மார்க்கெட்டில்தான் என் அப்பாவும் மீன் வாங்குவார். அப்பா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இது அச்சில் வருவதற்குள் சொல்லிவிடுவேன். தைரியம் வராவிட்டால், படிக்கத் தெரியாத அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை இதை வாசித்துக் காட்டிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வீடு திரும்பிய அக்கா, “ஃபெரியில பக்கத்துல ஒரு பொம்பளை உக்காந்திருந்தா. காலையில பாதியில விட்ட கதையைச் சொல்லிக்கிட்டே வந்தேனா, தலைவலியே தெரியல” என்றாராம். தம்பி மனைவி சொன்னார். அந்தப் பெண்மணி இதைப் படிப்பாரா என்று தெரியாது. படித்தால், அம்மா, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அக்கா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முடிவு சொல்வார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னது உங்களுக்கானதாகவே இருக்கலாம். பரவாயில்லை. காலை ஃபெரியில் மேல்தளத்து பெஞ்சில் என் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பேன். வந்து சொல்லுங்கள்: அந்த அப்பா பெட்டியை எதற்காக இறக்கினார்?