இரண்டாவது நோட்டீஸ்

எங்கள் கட்சியில் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. தேர்தல் வந்தால் கோரிக்கை நோட்டீஸை நான்தான் எழுதுவேன். கூலி உயர்வு, பென்ஷன், ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, எல்லாம் ஒரே தாளில் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் தெருத்தெருவாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்பது எங்கள் வழக்கம். சில தேர்தல்களுக்கு முன்பு பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளிப் பெண்ணிடம் கேட்டேன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"கூலி அப்புறம் இருக்கட்டும்ணா. மழை பேஞ்சா குழியில தண்ணி ஊறுது. தண்ணியில காலை வெச்சிக்கினுதான் நெய்யறோம். தெருவுக்கு ஒரு கால்வா வேணும். அதை மொதல்ல எழுதுங்க."

எழுதினேன். எழுதினேனா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்.

அச்சகத்தில் ஒரு வரி அதிகமாகிவிட்டது. எதை எடுக்கலாம் என்று பார்த்ததில் கடைசியில் நின்றவை இரண்டு: ஒன்று அவருடைய கால்வாய், இன்னொன்று உலக ஏகாதிபத்தியத்தை முறியடிப்பது. கால்வாய் கவுன்சிலர் பார்க்க வேண்டிய வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை அடித்தேன். ஏகாதிபத்தியம் நோட்டீஸில் இருந்தது.

அச்சானதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது இரண்டு பக்கமும் விரல் வைத்துப் படித்தார். "நம்ம கால்வா எங்கண்ணா?" என்றார்.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இடம் பத்தலம்மா. ரெண்டாவது நோட்டீஸ் வருது. அதுல முதல் வரியே உன்னோடதுதான்" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. எங்கள் கட்சி இரண்டாவது நோட்டீஸ் என்று ஒன்றை ஒருநாளும் போட்டதில்லை.

தேர்தலில் டெபாசிட் போனது. அந்தத் தெருவின் பூத்தில் மட்டும் எங்களுக்கு நல்ல ஓட்டு. என் எழுத்துக்கு விழுந்த ஓட்டு என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் அவர் செத்துப்போனார். குழித் தண்ணீரில் கால் இருக்க, தறிக்கு மேலே தொங்கிய பல்பை நகர்த்தக் கை நீட்டியிருக்கிறார். ஒயர் தேய்ந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் கால்வாய் வந்தது. மேலே சிமெண்டுப் பலகைகூடப் போட்டு மூடியிருக்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் வடியவில்லை. மழை பிடித்துக்கொண்டால் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கீழே ஈரம் இல்லையென்று தெரியும். தெரிந்தும் காலை இறக்கப் பயமாக இருக்கிறது.

அவருடைய கணவர் அதே வீட்டில்தான் நெய்கிறார். ஒவ்வொரு தேர்தலிலும் நோட்டீஸை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ரெண்டாவது நோட்டீஸ் எப்ப தோழர் வருது?" என்பார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. "வரும், வரும்" என்று நழுவிவிடுவேன்.

இந்த முறை நழுவ முடியவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்த வரியை அடித்தவன் நான். இரண்டாவது நோட்டீஸ் பொய்.

தறிச் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அடிச்சதுகூட போவட்டும் தோழர். நாலு நாளு அவ தறியில உக்காராம வூடு வூடா போனா. ரெண்டாவது நோட்டீஸ்ல நம்ம கால்வா வருதுன்னு சொல்லித்தான் உங்களுக்கு ஓட்டு கேட்டா. அவ பேச்சை நம்பித்தான் போட்டோம்னு தெருவுல இன்னிக்கும் சொல்றாங்க."

சற்று முன் நான் கொடுத்திருந்த இந்தத் தேர்தல் நோட்டீஸை அவர் திருப்பி நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் தெருவில் மீதி வீடுகளுக்கு நான் போகவில்லை.