பாதையில் வாசித்த கதை

போன வருடம் மாசி மாதம், மட்டக்களப்பு வாவியின் தென்பக்கத்துத் துறை ஒன்றில் நடந்தது இது. வாவிக்கு இந்தப் பக்கம் என் வீடு. அந்தப் பக்கம், படுவான்கரையில், எனக்கு அலுவலக வேலை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் மிதவையில்தான் தினமும் போவேன். அதை நாங்கள் ‘பாதை’ என்போம். அக்கரை சேரப் பத்து நிமிடம் பிடிக்கும்.

என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு அந்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் இருந்த இலக்கிய நண்பர்கள் எல்லாக் கதைக்கும் ‘அருமை’ போட்டுக் கைதட்டியிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. அச்சானபின் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாதே! என்னை யாரென்று தெரியாத ஒருவராவது கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று தோன்றியது. பத்து நிமிடம் எங்கும் ஓட முடியாத இருபது பேர் தினமும் என்னோடு நிற்பது அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை, பாதை கரையை விட்டதும் தாள்களை எடுத்து முதல் கதையைச் சத்தமாக வாசித்தேன். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு காணாமல் போகிற கதை. ஆனால் அது காணாமல் போவது நான்காம் பக்கத்தில். அதற்கு முன் வாவி, சூரியோதயம், கொக்கு, மறுபடியும் வாவி.

பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு நின்ற மீன்கார அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, இந்த வாவியையும் கொக்கையும்தானே நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறம்!”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஸ்கூட்டரோடு நின்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் மட்டும், “வாசிக்க விடுங்க, புள்ள கஷ்டப்பட்டு எழுதிரிக்கா” என்றார். சிரிப்பைவிட அந்த இரக்கம்தான் அதிகம் சுட்டது. நான் இரண்டாம் பக்கத்தை முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுவேனா? இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கதைக்குக் கொடுத்து, முன்னால் இருந்த மூன்று பக்கத்தையும் வெட்டினேன். எல்லாமே நான் செல்லம் கொஞ்சிய வரிகள். கொக்கு போனபோதுதான் கொஞ்சம் வலித்தது. வியாழக்கிழமை கதை இப்படித் தொடங்கியது: ‘விடிந்தால் விமானம், கடவுச்சீட்டைக் காணவில்லை.’

“வெச்ச இடத்தில பாத்தயா?” என்று உடனே ஒரு குரல். மீன்கார அண்ணன்தான்! இன்னும் கொஞ்சம் போனதும் மூச்சு வாங்க நிறுத்தினேன். “மறுகா?” என்றார் ரீச்சர். பிறகு என்ன நடந்தது என்று கேட்க எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும். அத்தனை ‘அருமை’களும் தராத தெம்பை அது தந்தது.

கடைசிப் பக்கம் மிச்சமிருக்கையில் பாதை கரை தட்டியது. ஏழரை தாண்டினால் பள்ளிக்கூட வரவுப் பதிவில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். ரீச்சர் மணியைப் பார்த்தார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யவில்லை.

“கோடு விழுந்தா விழட்டும். கெதியாச் சொல்லுகா, ஆரு எடுத்த?”

நான் தாளைத் திருப்புவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “புருசன்தான் ஒளிச்சு வெச்சிரிப்பான். வேற ஆரு?”

என் முடிவும் அதுவேதான். “எப்பிடி அண்ணன் கண்டுபிடிச்சீங்க?”

“அவ போறத்துக்கு விருப்பமில்லாத ஆள் கதைக்குள்ள அவன் ஒருத்தன்தானே.”

“அவளுக்குப் போக விருப்பமா எண்டு ஆராவது கேட்டீங்களா?” என்றார் ரீச்சர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. பதிலுக்கு நிற்காமல் போயும்விட்டார்.

யாரும் கேட்கவில்லை. கதையை எழுதிய நானே கேட்கவில்லை. துறையில் நின்றபடியே அச்சகக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“நாளைக்குத் தர மாட்டன் அண்ணன். இன்னும் ஒரு மாசம் வேணும்.”

“வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாச்செண்டீங்களே?”

“அது கிடக்கட்டும்.”

அலுவலகத்துக்கு நடக்கும்போதே கதையில் வரும் அந்தப் பெண் என்னோடு பேசத் தொடங்கியிருந்தாள். ஒரு மாதம் மூன்று மாதமாக இழுபட்டுத்தான் புத்தகம் வந்தது. நன்றாக இருக்கிறதா என்பதை வாசிப்பவர்கள் சொல்லட்டும். முடிந்துவிட்டது என்று நான் நம்பிய கதையை மறுபடி திறந்து உட்காருகிற பிடிவாதம் அன்று எனக்குள் வந்தது. இனி எந்த விழாத் திகதிக்காகவும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.