வலையோரம் நின்ற குணபூசணி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குமாஸ்தா கனகசபை வீட்டுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. துரைமார் காலத்தில் போட்டது. அவர்கள் ஊருக்குக் கப்பலேறிய பிறகு சிமென்ட் வெடித்து, வெடிப்பில் புல் முளைத்து, குமாஸ்தாமாரின் பிள்ளைகள் ஆடும் இடமாகிவிட்டது. கனகசபையின் மகன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் கிடப்பார்கள். கடைக்குட்டி குணபூசணி தானும் ஆட வேண்டுமென்று அழுது புரண்டபோது, சத்தம் தாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் ஓடி அடிக்கிற பந்தெல்லாம் அண்ணன்மாருக்கு. மூஞ்சிக்கு நேரே வருகிற பந்து மட்டும் அவளுக்கு.

மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ளவே அவள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். பந்து ராக்கெட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அது எங்கே வரும் என்று அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். வேகமாக வருகிற பந்தை லேசாகத் தொடுவாள். அது வலைக்கு அந்தப் பக்கம் செத்த பூனை மாதிரிப் பொத்தென்று விழும்.

ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் அவளுக்கு எடுபடவில்லை. ஆள் ஐந்தடிகூட இல்லை. எதிராளி இரண்டு பந்து அடித்துப் பார்ப்பாள், விஷயம் புரிந்துவிடும். மூன்றாவது பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுவாள். குணபூசணி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எழுபத்து நான்காம் வருஷம் சிலாங்கூர் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அவளுடைய இரட்டையர் ஜோடிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஜோடிக்கும் அதே வியாதி. மிச்சமிருந்த இருவரையும் போட்டியை நடத்திய ஆசிரியை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

கிள்ளான்காரி பெயர் தனலெட்சுமி. அவள் அப்பா ரெங்கசாமி துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். தனலெட்சுமி உண்மையில் ஈட்டி எறிகிறவள். அவள் கை வீச்சைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் பழைய ராக்கெட் ஒன்றைக் கையில் திணித்து, இதையும் எறிவதாகவே நினைத்துக்கொள், ஆனால் கையைவிட்டு மட்டும் போகக்கூடாது என்றாராம். இடது கைக்காரி. உயரம். பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றுவிடும், அத்தனை பெரிய குரல்.

குணபூசணி தன் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் மரியாதையாகவே தொடங்கினாள்.

“நீர் எந்தப் பக்கம் நிப்பீர்?”

“நீரா? தண்ணியா கேக்குற? அந்தா பைப் இருக்கு பாரு.”

“இல்லை, உம்மைத்தான் கேட்டனான். நீங்கள்.”

“நான் ஒரே ஆளுதான் லா. நீன்னு சொல்லு போதும். ஒன் பேரென்னா?”

“குணபூசணி.”

தனலெட்சுமி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “பூசணிக்காய்க்கு எரு பத்தல போல.”

குணபூசணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஆடியதில் அன்றைக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். தனலெட்சுமி பின்னாலிருந்து ஈட்டியாக எறிந்தாள். திணறித் திரும்பி வந்த பந்தைக் குணபூசணி முன்னால் நின்று கொத்தினாள். அவள் தலைக்கு மேலே தூக்கிப் போட்டவர்களுக்கும் பதில் இருந்தது. பின்னால் தடதடவென்று ஒரு ஓட்டம் கேட்கும், “விடு, என்னுது!” என்று ஒரு கத்தல் கேட்கும், பந்து எதிர்ப்பக்கத்து மூலையில் கிடக்கும்.

அதன் பிறகு ஆறு வருஷம் மலேசியாவுக்குள் அவர்கள் ஆடாத கோர்ட் இல்லை. இடையில் குணபூசணி படித்து முடித்து அரசாங்கப் பள்ளியில் ஆசிரியையும் ஆனாள். தனலெட்சுமி கிள்ளானில் ஒரு காப்புறுதி ஆபீசில் தட்டச்சு செய்தாள். எண்பதாம் வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து வாசலிலேயே நின்றபடி சொன்னாள்:

“நான் வேலைய விட்டுட்டேன். பேங்காக், மணிலா, ஜகார்த்தான்னு வருஷம் பூரா போட்டி நடக்குது. தொழிலாவே ஆடலாம். நீ வரியா, இல்ல வேற ஆளு தேடவா?”

வேற ஆள் என்ற சொல் குணபூசணிக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானமே அப்பாவிடம் போய் நின்றாள்.

கனகசபை ஆங்கிலப் பேப்பரை மடித்து வைத்தார். “கவர்மென்ட் வேலை. பென்ஷன் இருக்கு. அதை விட்டுப்போட்டுப் பந்தடிக்கப் போறியோ? ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

அவள் அம்மா மீனலோசனி பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். சண்டை பிடிக்கிற மனுஷி அல்ல. தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்: “இந்த வீட்டில இவள் வாய்விட்டுச் சிரிக்கிறது அந்தக் கிள்ளான் பிள்ளை வாற நாளில மட்டும்தான். ஆரும் கேட்டால் அதைச் சொல்லுங்கோ.”

கனகசபை எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயந்தரம் கதவு திறந்தது. கையில் ரயில்வே கால அட்டவணையோடு வந்தார். “பேங்காக்குக்குப் பிளேன் என்னத்துக்கு? பட்டர்வொர்த்தில மாறி ஏறினால் நேரே போகலாம். படுத்துக்கொண்டே போகலாம்.” அதுதான் அவர் தந்த அனுமதி.

அப்படி எண்பத்தொன்றில் தொழில் தொடங்கியது. தரவரிசையில் அவர்கள் பெயரைத் தேட நிறையப் பக்கம் புரட்ட வேண்டும். ஒரே அறையில் தங்கினார்கள், துணிகளைத் தாங்களே துவைத்து ஜன்னலில் காயப்போட்டார்கள். ஊறுகாயும் கருவாட்டுச் சம்பலும் இல்லாமல் ஒரு பயணமும் போனதில்லை. போன இடமெல்லாம் ஒரு வசதி இருந்தது: அவர்கள் பேசுவது யாருக்கும் புரியாது. மற்ற ஜோடிகள் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டியும் காதுக்குள் குசுகுசுத்தும் திட்டம் போடுவார்கள். தனலெட்சுமி இருந்த இடத்திலிருந்தே கூவுவாள்: “பூசணி, இவளுக்கு எடது பக்கம் போடுறேன், நீ குறுக்க பாஞ்சிரு!” எதிரே ஜப்பான்காரியோ பிலிப்பீன்காரியோ, பாவம், விழித்துக்கொண்டு நிற்பாள்.

எண்பத்து மூன்றில் கோலாலம்பூரிலேயே ஒரு சர்வதேசப் போட்டி வந்தது. சொந்த ஊரில் முதல் முறையாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். ரெங்கசாமி கிள்ளானிலிருந்து லோரியில் ஆளேற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதில் பாதிப் பேர் டென்னிஸையே அன்றுதான் பார்க்கிறார்கள். பந்து வலையில் பட்டாலும் கைதட்டினார்கள், வெளியே போனாலும் கைதட்டினார்கள். நடுவர் மூன்று முறை அமைதி கேட்டுவிட்டு நான்காவது முறை தானும் சிரித்துவிட்டார். கனகசபை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ரெங்கசாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எதிரே இரண்டு ஆஸ்திரேலியப் பெண்கள், ஷெரிலும் கேரனும். ஷெரில் நெட்டையாக, நீண்ட கழுத்தோடு, வெள்ளைத் தொப்பி போட்டிருந்தாள். அன்றைக்கு என்னவோ எதைச் செய்தாலும் நடக்கவில்லை. தனலெட்சுமி இடது பக்கம் சர்வ் போட்டால் ஷெரில் அங்கே தயாராக நிற்கிறாள். குணபூசணி குறுக்கே பாய்ந்தால் அவள் விட்டுவந்த இடத்துக்குப் பந்து போகிறது. முதல் செட் ஆறுக்கு ஒன்று என்று போய்விட்டது.

தனலெட்சுமிக்கு எரிச்சல். “பூசணி, அந்தக் கொக்குக்குக் கால்ல போடுறேன். குனிய மாட்டா பாரு!”

வலைக்கு அந்தப் பக்கம் ஷெரில் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அச்சுப் பிசகாத தமிழில் சொன்னாள்:

“கொக்கு இல்லக்கா. எம் பேரு ஷெரில்.”

தனலெட்சுமி கையிலிருந்த பந்து உருண்டு போயிற்று. ஷெரிலின் அப்பா வால்பாறையில் தேயிலைத் தொழிற்சாலை இன்ஜினியராக இருந்தவர். பன்னிரண்டு வயதுவரை அவள் வளர்ந்தது, விளையாடியது, ஏச்சு வாங்கியது எல்லாம் தமிழில். இத்தனை நேரமும் எதிராளியின் திட்டத்தை எதிராளியின் வாயாலேயே கேட்டு ஆடியிருக்கிறாள்.

“இனி மலாய்தான்,” என்று குணபூசணி முடிவு செய்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தனலெட்சுமி இடதுக்கு “கிரி!” என்று மலாயில் கூவியதும், கூட்டத்துக்கே மலாய் தெரியுமே, அத்தனை தலையும் சர்வ் போடுமுன்பே இடது பக்கம் திரும்பிவிட்டது. ஷெரிலும் கேரனும் கூட்டத்தைப் பார்த்தே ஆடினார்கள். இரண்டாவது செட்டிலும் நான்குக்கு ஒன்று பின்னடைவு.

பக்கம் மாறும்போது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்த குணபூசணி, கூட்டத்தில் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டாள். அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான், ஏதோ ஒரு ரயில் எங்கேயோ வந்துசேரும் நேரம். அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தனலெட்சுமியின் காதைப் பிடித்து இழுத்தாள்.

“ரவாங் எண்டால் இடது. காஜாங் எண்டால் வலது. எல்லாம் அப்பாவின்ர ரயில் ஸ்டேஷன்கள்.”

“மேல தூக்கிப் போடணும்னா?”

“ஜெஞ்சாரோம். அங்க ரயில் இல்லைத்தானே, பறந்துதான் போகவேணும்.”

“கிள்ளான்?”

“நான் நிண்ட இடத்திலேயே நிக்கிறது. பின்னால நீ வாறாய்.”

அதற்குப் பிறகு நடந்ததைக் கிள்ளானில் பல வருஷம் பேசினார்கள். “காஜாங்!” என்று தனலெட்சுமி அலறுவாள், கூட்டம் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்க்கும். ஷெரில் மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்துத் தோற்பாள். “என்னாய்யா, சாத்தே சாப்பிடப் போறாளா எம் மக?” என்று, குச்சியில் சுடும் இறைச்சிக்குப் பேர்போன அந்த ஊரை நினைத்து ரெங்கசாமி குழம்பினார். முதலில் பிடித்துக்கொண்டவர் கனகசபைதான். இரண்டு ரவாங்கும் ஒரு காஜாங்கும் கேட்டதும் தொடையில் தட்டி எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷம் ஒரு ஆபீசில் சத்தமாகச் சிரித்தறியாத மனுஷர் சிரித்த சிரிப்பில் கழுத்துப்பட்டி தோளுக்கு ஏறிவிட்டது. அவர் ரகசியத்தை ரெங்கசாமியின் காதில் சொன்னார். ரெங்கசாமி சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டே மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார்.

இரண்டாவது செட்டை எடுத்தார்கள். மூன்றாவது செட் ஆறுக்கு ஐந்து, கடைசிப் புள்ளி. கேரன் புத்திசாலி. பந்தைக் குணபூசணியின் தலைக்கு மேலே உயரத் தூக்கிவிட்டாள். குணபூசணி அண்ணாந்து பார்த்தாள். எட்டாது என்று தெரியும். ஆனால் சின்ன வயசில் ஒற்றையாக நின்றபோது வந்த பயம் இல்லை. “கிள்ளான்!” என்று அவளே கத்தினாள். பின்னால் தடதடவென்று ஓட்டம் கேட்டது. தனலெட்சுமி ஈட்டி எறிவதுபோலவே ஒரு காலைத் தரையில் ஊன்றி, உடம்பை வளைத்து அடித்தாள். பந்து கேரனுக்கும் ஷெரிலுக்கும் நடுவே போய் வேலியில் முட்டியது.

லோரியில் வந்தவர்கள் எல்லோரும் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். கைகுலுக்க வந்த ஷெரில், “அக்கா, ஜெஞ்சாரோம்னா என்னா அர்த்தம்? சொல்லாம விடமாட்டேன்,” என்று வழியை மறித்தாள். அன்று மாலை மீனலோசனி வீட்டில் அவளுக்கும் கேரனுக்கும் இடியப்பமும் சொதியும். ஷெரில் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டு வாங்கினாள். கேரன் கரண்டி கேட்டதற்கு ஷெரில்தான் வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் ஓடின. ஜகார்த்தாவில் ஒரு கோப்பை, மணிலாவில் ஒன்று. தனலெட்சுமி கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, ஒன்றரை வருஷம் ஆடாமல் இருந்தாள். அப்போது குணபூசணி வேறு ஜோடிகளோடு ஆடிப் பார்த்தாள். நல்ல ஆட்டக்காரிகள்தான். ஆனால் கோர்ட் அத்தனை அமைதியாக இருந்தது, அவளுக்குத் தூக்கம் வந்தது. குழந்தை நடக்கத் தொடங்கிய வாரம் தனலெட்சுமி போன் செய்தாள்: “அப்பா புள்ளையப் பாத்துக்குறேன்னாரு. லோரிலயே வச்சிக்கிட்டு சுத்துறாரு. கெளம்பு.” எண்பத்தேழில் குணபூசணிக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வல்லிபுரம் பல் டாக்டர். பதினைந்து, முப்பதுக்குப் பிறகு நாற்பத்தைந்து வராமல் ஏன் நாற்பது வருகிறது என்று கேட்டவர், கடைசிவரை அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊரில் நடந்த ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

கடைசிப் போட்டி தொண்ணூற்றொன்றில், பேங்காக்கில். முதல் சுற்றிலேயே பதினேழு வயசுப் பெண்கள் இருவர் அவர்களை முக்கால் மணி நேரத்தில் வழித்துத் துடைத்துவிட்டார்கள். கைகுலுக்கும்போது ஒருத்தி ஆங்கிலத்தில், “எங்கம்மா உங்களோடு ஆடித் தோற்றிருக்கிறாள்,” என்று பணிவாகச் சொன்னாள். உடை மாற்றும் அறைக்குள் போனதும் தனலெட்சுமி பெஞ்சில் விழுந்து சிரித்தாள். குணபூசணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. போதும் என்பது இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.

திரும்பிப் போகிற டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்றைக்குச் செவ்வாய்.

“பத்து வருஷமா வரோம். இந்த ஊர்ல என்னா இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?” என்றாள் தனலெட்சுமி.

“கோர்ட் இருக்கு. ஹோட்டல் இருக்கு.”

“ஒரு ஆறு இருக்காம்.”

ராக்கெட் பைகளை அறையில் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார்கள். மரப்படகு ஒன்று புறப்பட இருந்தது. துறைமுகத்து லோரிக்காரர் மகள், கப்பல்களைப் பார்த்தே வளர்ந்தவள், பலகையில் கால் வைத்ததும் படகு ஆடியதைப் பார்த்துக் குணபூசணியின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பூசணி, நீ முன்னால போ லா!”

குணபூசணி முன்னால் போய் ஏறி, அவளுக்குக் கை கொடுத்தாள். ஆற்றின் நடுவே ஒரு கிழவி தன் படகிலேயே அடுப்பு வைத்து வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். சூடாக ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள். நாளைக்கு ஆட்டம் இல்லை, வயிறு நிறையத் தின்னலாம்.