குவைத்துக்குப் போய் வந்த பிபி டப்பா

"பர்ர்ர்" என்று பட்டையைப் பிரிக்கிற அந்தச் சத்தத்தை எந்த மருத்துவமனையில் கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. கையில் பட்டையைச் சுற்றி ஒட்டியதும் டப்பாவுக்குள் ஒரு சின்ன மோட்டார் உறுமும். பட்டை உப்பிக் கையை இறுக்கும். பிறகு "புஸ்" என்று காற்று இறங்கி, கடைசியில் ஒரு "பீப்" வரும். விருத்தாசலத்தில் மற்ற பிள்ளைகள் ஜங்ஷன் ரயில் ஊதுவதைக் கேட்டு எழுந்தார்கள் என்றால், நான் ஒரு வருடம் முழுக்க யாரோ ஒருவருடைய ரத்தக் கொதிப்பைக் கேட்டுத்தான் எழுந்தேன்.

அந்த டப்பாவை வாங்கி வந்தவர் மங்கலம்பேட்டை ரஹீம் மாமா. அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், குவைத்தில் ஒரு கடையில் வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குச் சோப்பும் தைலமும் கொண்டு வருகிறவர், அந்த முறை அப்பாவுக்கென்றே பிபி பார்க்கிற மெஷினைக் கொண்டு வந்தார். காரணம் அப்பாவின் கோபம். அப்பா ஒரு செராமிக் கம்பெனியில் சூளை பார்ப்பவர். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் வேகிற சூளை. சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் தட்டு வாசலில் போய் விழும். இத்தனை கோபக்காரனுக்கு பிபி இல்லாமல் இருக்குமா என்று மாமாவுக்குப் பயம். பட்டையைச் சுற்றிப் பார்த்தால், டாக்டர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போல அத்தனை சரியான அளவு. மறுநாளும் அதே, அதற்கு அடுத்த நாளும் அதே. அப்பாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

எங்கள் தெருவின் மருத்துவ ஞானம் ரொம்பச் சுருக்கமானது. கோபப்படுகிறவனுக்கு பிபி உண்டு, கோபப்படாதவனுக்குக் கிடையாது, அவ்வளவுதான். ஆகவே தெருவிலிருந்த கோபக்காரர்கள் எல்லாரும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்காரர், மளிகைக் கடைக்காரர், மருமகளோடு மல்லுக்கு நிற்கிற எதிர்வீட்டு அத்தை. சைக்கிளுக்குச் சொல்வது போல "காத்தடிச்சிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். அத்தனை பேருக்கும் பட்டையைச் சுற்றிவிட்டு, டீயும் போட்டுக் கொடுத்தது என் அம்மா அஞ்சலை. அம்மாவின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தட்டு வாசலில் விழுந்தாலும் பேசாமல் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள். "அஞ்சலை மாதிரி பொறுமை யாருக்கு வரும்" என்பது தெரு அவளுக்குக் கொடுத்திருந்த பட்டம். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பொறுமைசாலி அப்போதெல்லாம் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தாள். பிடரி வலிக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்பாள். பித்தம் என்றாள் எதிர்வீட்டு அத்தை. வெயில் என்றார் மளிகைக்காரர். வைத்தியம், எலுமிச்சம்பழச் சாற்றில் கை நிறைய உப்பு. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. எல்லாரும் காத்தடித்துக்கொண்டு போன அந்த வீட்டில், அவள் கைக்கு மட்டும் அந்தப் பட்டையைச் சுற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவானேன்? அவளுக்குத்தான் கோபமே வராதே!

அம்மாவின் கையில் அது ஏறியதும் தற்செயல்தான். எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் பட்டை இறுக்குகிறது, கை உடைந்துவிடும் என்று பயந்தாள். ஒன்றும் ஆகாது என்று காட்ட அம்மா தன் கையில் சுற்றிக்கொண்டாள். "பீப்" என்றதும் மேலே வந்த எண் இருநூறுக்குப் பக்கத்தில் நின்றது. அத்தை போட்ட கூச்சலில் அப்பா ஓடி வந்தார். வந்தவர் அம்மாவைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தார். தன் கையில் மாட்டினார், சரியாகக் காட்டியது. அம்மா கையில் மாட்டினார். முன்னைவிடக் கூடுதலாகக் காட்டியது. புது பேட்டரி போட்டும் அதே கதை. "லூஸ் காண்டாக்ட்" என்று தீர்ப்பு வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சூளைப் பழக்கம் இருக்கிறது. அங்கே உள்ளே இருக்கிற சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் உண்டு. அது நம்ப முடியாத எண்ணைக் காட்டினால் முதல் சந்தேகம் மீட்டர் மேல்தான். அதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, சூளைச் சுவரின் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே அப்பா வேலையை முடித்துவிடுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை என்று கம்பெனியில் அவருக்குப் பெயர். அதே கண்ணால்தான் அன்றைக்கு அம்மாவின் முகத்தையும் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தான இருக்குது," என்றார்.

அம்மாவும் லேசுப்பட்டவளா? தன் மனசில் ஒரு கோபதாபமும் இல்லை, தனக்கு எப்படி பிபி வரும், மெஷினைத்தான் சரி பண்ண வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். கேரண்டி கார்டைத் தேடி எடுத்தார்கள். தெர்மாகோல் கூட அப்படியே பத்திரமாக இருந்தது. அடுத்த வருடம் லீவுக்கு வந்துவிட்டுக் கிளம்பிய ரஹீம் மாமாவிடம் டப்பாவைக் கொடுத்தபோது, எதற்கும் தங்கச்சியை டாக்டரிடம் காட்டலாமே என்று அவர் மெதுவாக இழுத்துப் பார்த்தார். மொதல்ல மிஷின பாரு பாய் என்று அப்பா அவர் வாயை அடைத்துவிட்டார். பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். குவைத்துக்குக் கடலைத் தாண்ட வேண்டும். என் வீட்டார் கடலைத் தாண்டினார்கள்.

டப்பா குவைத்தில் இருந்த ஒரு காலையில், குழாயடியில் குடத்தைத் தூக்கப் போன அம்மாவின் வலது கை குடத்தைப் பிடிக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். பிபி பார்த்த டாக்டரம்மா நிமிர்வதற்குள், "இவளுக்குக் கோவமே வராதுங்க டாக்டர்," என்றார் அப்பா, சாட்சி சொல்வது போல.

"கோபத்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? முன்னாடி எப்பவாவது பிபி பாத்தீங்களா?"

அப்பா அம்மாவின் துவண்ட வலது கையை எடுத்துக் கட்டிலில் நேராக வைத்தார்.

அந்த வாரத்திலேயே ரஹீம் மாமாவின் போன் வந்தது. விஷயம் தெரியாமல் சந்தோஷமாகப் பேசினார். கடையில் பிரித்துப் பார்த்தார்களாம், ஒரு ரிப்பேரும் இல்லையாம், புதுசு மாதிரி இருக்கிறதாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் காதில் வைத்தபடியே அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பிழைத்து வந்தாள். வலது கால் இழுத்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, பாரம் சுமந்து வருவது போல வந்தன. கூடவே, யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. கோபம். அத்தனை வருடத்துத் தட்டுக்கும் சேர்த்து அப்பாவைத் திட்டினாள். காத்தடிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "ஐயோ, அஞ்சலை இப்பிடி ஆயிட்டாளே" என்று தெரு உச்சுக் கொட்டியது. மாத்திரையில் அவளுடைய பிபி சரியாகவே நின்றது. தினம் கோபப்பட்டாள், தினம் சரியாக நின்றது. தெருவின் ஞானத்துக்கு அதனால் ஒரு கீறலும் விழவில்லை.

மாமா திருப்பிக் கொண்டு வந்து கொடுத்த அந்த டப்பா இப்போது பரண் மேல் கிடக்கிறது. பட்டையில் ஒட்டுகிற முள்ளெல்லாம் தேய்ந்துவிட்டது. பிரித்தால் "பர்ர்ர்" என்ற சத்தம் வருவதில்லை. கோபமே வராத அஞ்சலையும் இல்லை. அவளைத் தெரு இன்னமும் தேடுகிறது, நான் தேடுவதில்லை.

போன மாதம் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன், இதயத் துடிப்பைக் கோடு கோடாக வரைந்து காட்டுகிற வகை. போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அது துடிப்பு சீராக இல்லை என்று எச்சரித்தது. அப்பா அதைக் கழற்றினார், உதறினார், வாயால் ஊதினார், மறுபடி கட்டிப் பார்த்தார். அதையே சொன்னது. வாட்ச்சு சரியில்லை, கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டு வா என்று என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அதை வாங்கவில்லை.

நாற்காலியில் இருந்த அம்மா இடது கையால் கைத்தடியைத் தரையில் தட்டினாள். ஒவ்வொரு வார்த்தையாக, அவசரமில்லாமல் சொன்னாள்.

"மிஷினு... நல்லாத்தான் இருக்குது. நீங்க கெளம்புங்க... ஆஸ்பத்திரிக்கு."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.