விசாரிக்க வந்தவர்

அந்தக் கிரிக்கெட் அணியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதுவதென்றாலும் எந்தப் பெயரை எழுதுவது? முதலில் ஒருவர் வாங்கினார், ஒரு பெயர் வைத்தார். அவர் போனார். அடுத்தவர் வந்து பெயரையும் மாற்றினார், உடுப்பின் நிறத்தையும் மாற்றினார். அவரும் போய் இப்போது மூன்றாமவர். கிண்ணம் வென்றது ஒரு பெயரில், கடைசி இடத்துக்கு வந்தது இன்னொரு பெயரில். இப்போதைய முதலாளியின் விளம்பரத்தில் கிண்ணம் மட்டும் மினுங்குகிறது, கடைசி இடத்தைக் காணோம். பழைய தோல்வி உனக்குச் சொந்தமில்லை என்றால் பழைய கிண்ணம் மட்டும் எப்படியடா சொந்தம் என்று கேட்டால் எங்கள் கழகத்துப் பொடியன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த அணியின் வரலாற்றை என்னளவுக்குச் சந்தேகத்தோடு படித்தவன் இந்த வாவிக்கரையில் இல்லை. ஒரு நோ-போல் விழுந்தாலும், இவனுடைய கால் ஏன் இவ்வளவு தூரம் போனது என்று தொலைக்காட்சியோடு சண்டைக்குப் போவேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நான் அந்த அணிக்குப் பந்து போட்டிருக்க வேண்டியவன்.

எனக்குப் பெரியகல்லாறு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் எங்கள் மைதானம். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் என் பந்து உள்ளே திரும்பும். அதைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். எங்கள் விக்கெட் காப்பாளன், எனக்கு மச்சான் முறை, சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. காலையில் வாவியில் வலை போடுவான், பின்னேரம் எனக்குப் பின்னால் குந்தியிருப்பான். நான் ஓடிவரத் தொடங்கும்போதே பந்து எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியும்.

நகரத்துப் பயிற்றுநர் ஒருவர் நான் பந்து போடுவதைக் கைபேசியில் படம் பிடித்து அந்த அணிக்கு அனுப்பினார். பெயர் மாறிய வருடம் அது. புது முதலாளி எங்கள் பக்கத்துப் பொடியன்களைத் தேடுகிறாராம். "பயிற்சி வலையில பந்து போடக் கூப்பிடுவாங்க. நல்லாப் போட்டா அணிக்குள்ளயும் எடுப்பாங்க. அதுவரைக்கும் வாயத் திறக்காத மனே, கண்ணூறு பட்டிரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. ஊர்க் கண் நல்லது செய்யும் என்று நம்புகிறவன் நான் இல்லை.

கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் பயிற்றுநரிடம் போனேன். அவருடைய முகம் சரியில்லை.

"உண்ட ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிச்சிரிக்காங்க. நீ விளையாட்டை விட்டுப் பல காலம் எண்டு சொல்லியிரிக்காங்க. ஒருத்தர் ரெண்டு பேரில்ல, ஊரே சொன்னதாம். நான் பழைய படத்தை அனுப்பி ஏமாத்தினன் எண்டு எனக்கும் ஏச்சு."

எந்தப் பாவி சொன்னான்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அறியாத ஆள் யாராவது ஊருக்குள் வந்தாரா என்று கேட்டேன். "ஓம், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் வேன்ல வந்து தேத்தண்ணிக் கடைக்குள்ள இரிந்தவர். உண்ட கூட்டாளி அவரோட கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சிக்கிட்டு நிண்டான்" என்றார் அம்மா.

போதும். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. காப்பாளனுக்குப் பெயர் வராது, போடுகிறவனுக்குத்தான் பெயர். உள்ளுக்குள் எரிந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். கழகத்தை விடவில்லை. நான் போடுவேன், அவன் பிடிப்பான். பிடித்த பந்தை என்னிடம் எறியமாட்டான், பக்கத்தில் நிற்பவனிடம் எறிவான், அவன் எனக்குத் தருவான். ஏன் பேசவில்லை என்று அவனும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் என்று நினைத்தேன்.

அந்த வருடம் அந்த அணி கிண்ணம் வென்றது. கடைசி ஓவரை என் வயதுப் பொடியன் ஒருவன் போட்டான். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

சில வருடங்கள் அப்படியே போயின. போன மாதம், காலையில், தேத்தண்ணிக் கடை மாமா என்னை ரோட்டில் மறித்து, கடைக்குள் இருத்தித் தேத்தண்ணி தந்தார். சின்ன வயதிலிருந்தே என்மேல் உயிர் அவருக்கு.

"மருமகன், ஒரு நல்ல கதை. கரடியனாத்தில இரிந்து ரெண்டு பேர் உன்னை விசாரிக்க வந்தவங்க. பொண்ணு வீட்டாக்கள். ஒண்டுக்கும் யோசியாத, நல்லாச் சொல்லி விட்டிரிக்கன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் கொடுக்க நினைப்பவர்கள், யார் என்று சொல்லாமல் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, கடையிலும் சந்தியிலும் அவனைப் பற்றிக் கேட்பார்கள். ஊரும் விளங்கிக்கொண்டு, விளங்காததுபோல் பதில் சொல்லும்.

"என்ன மாமா சொன்ன நீங்க?"

"குடி இல்ல, சூது இல்ல, வேலை விட்டா வீடு. பந்தடியெல்லாம் எப்பயோ விட்டுட்டான் எண்டன். பந்துக்குப் பின்னால ஓடுறவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பாங்க?" மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "முந்தி வந்தவருக்கும் இதைத்தான் சொன்னன். என்ன செய்யிற, அது சரிவரல்ல."

"முந்தி ஆரு வந்தது?"

"கண்ணாடி போட்ட மனிசன், வேன்ல. யம்மாடி, என்ன கேள்வி! குடிப்பானா, சூதாடுவானா, கடன் இரிக்கா, ஆரோட பழக்கம். பொண்ணைப் பெத்தவர்தானே, கேப்பார்தானே. கடைசியா, இப்பவும் விளையாடுறவனா எண்டார். பொறி வைக்கிறார் எண்டு எனக்கு விளங்கிற்று. சீச்சீ, அதை விட்டுப் பல காலம் எண்டன். கடையில இரிந்த எல்லாரும் ஓமெண்டாங்க."

பெண்ணைப் பெற்றவர் இல்லை அவர், அந்த அணியின் ஆள். சூதாட்டக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு பந்து போடுகிறவனை எடுத்துப் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், எல்லா அணிகளும் ஒருவனை எடுக்குமுன் கேட்கிற கேள்விகள் அவை. பெண்ணைப் பெற்றவரும் அதையேதான் கேட்பார்.

மாமா நிறுத்தவில்லை. "உண்ட கூட்டாளிதான் காரியத்தைக் கெடுக்கப் பாத்தான். 'பொய் ஐயா, அவன் விடிஞ்சாலும் கிரவுண்டுதான், பொழுதுபட்டாலும் கிரவுண்டுதான். அவனப்போல போட இந்தப் பக்கத்தில ஆளில்ல' எண்டு குறுக்க விழுந்தான். இவனுக்குப் பொறாமை, கணக்கெடுக்காதீங்க எண்டு நான்தான் சமாளிச்சன்."

வேனில் வந்தவர் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு தேத்தண்ணி குடி மருமகன், நம்மட கடைதானே" என்றார் மாமா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன்.

வாவிக்கரையில் அவன் தோணியோரம் இருந்து வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. இவன் ஆளைத் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று குடைந்தது.

"வேன்ல வந்தவர் ஆரெண்டு தெரிஞ்சுதானா அண்டைக்கு அப்படிச் சொன்ன நீ?"

இத்தனை வருடத்துக்குப் பிறகு என் குரல். அவன் தலையை நிமிர்த்தவில்லை. "பொண்ணு வீட்டுக்காரர்தானே? வேற ஆரு?"

"மறுகா என்னத்துக்கு அப்படிச் சொன்ன?"

"குழப்பத்தான்." ஒரு மீனைக் கூடைக்குள் போட்டான். "கட்டினவன் பொண்ணு வீட்டோட போறதுதானே நம்மட வழக்கம். நீ வேறூருக்குப் போனா நான் ஆருக்குப் பின்னால குந்தியிரிக்கிற? நீ கதைக்காம விட்டதும் சரிதான் மச்சான். குழப்பினவன் நான்தானே."

அந்த அணி வந்ததே அவனுக்குத் தெரியாது. ஊரே என் நன்மைக்காகப் பொய் சொன்ன இடத்தில், என்னைக் கெடுக்கவென்று இவன் ஒருவன்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பக்கத்தில் மணலில் குந்தினேன்.

"கரடியனாத்து ஆக்கள் என்னட்டையும் கேட்டவங்க" என்றான் அவன். "இந்த முறை நான் குழப்பல்ல. நல்ல பொடியன் எண்டன். நீ பந்து போடுறதப் பத்தி வாயே திறக்கல்ல."

"அவங்களிட்டப் போய்ச் சொல்லுடா" என்றேன். "விடிஞ்சாலும் கிரவுண்டுதான், பொழுதுபட்டாலும் கிரவுண்டுதான் எண்டு போய்ச் சொல்லு."