கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனேன்

ஆவடித் தொழிற்சாலையில் என் வேலையே சந்தேகப்படுவதுதான். மற்றவர்கள் கடைந்து தரும் பாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயிண்டைத் தடவி ஒதுக்க வேண்டும். பதினைந்து வருஷம் இப்படியே பிழைத்தவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் புத்தி சும்மா இருக்காது. காய்கறிக்காரர் தராசைத் தொட்டாலே முறைப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் எலெக்ட்ரிகல் பிரிவு நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு தொலைநோக்கி செய்தோம். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் அவன் வீட்டு மொட்டை மாடியில், தள்ளினால் நகரும் தகரக் கூரை போட்ட சின்ன அறை, நடுவில் சிமெண்ட் தூண், அதன்மேல் தொலைநோக்கி. அதைத்தான் பெருமையாக அப்சர்வேட்டரி என்போம். குழாய், மோட்டார், ஒயரிங் எல்லாம் அவன் கைவேலை. குழாயின் அடியில் இருக்கும் எட்டங்குலக் கண்ணாடி மட்டும் என்னுடையது. குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒன்றரை வருஷம் கையால் தேய்த்துத் தேய்த்துக் குழித்தது. அது உடைந்தால் இன்னொன்று செய்ய எனக்குத் தெம்பு கிடையாது.

மோட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைத்ததும் வம்பு ஆரம்பித்தது. திரையில் வானத்தைக் காட்டி, நாம் காட்டும் நட்சத்திரத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்ப ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டே பிளாப்பி, கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள், ஊர்ப் பட்டியலில் மெட்ராஸ் என்றே இருக்கும். அவனோ மச்சான் கொடுத்ததாக ஒரு சிடியைக் கொண்டுவந்தான். அதில் வானமே நகைக்கடை மாதிரி பளபளத்தது. எனக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, உன்னுது மோட்டார்கூட பேசறதுக்கே மூணு வாட்டி யோசிக்குது. இது எப்டி கீது பாரு!" என்றான்.

இவன் ஏன் இதற்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறான்? மச்சானுக்கு இதில் என்ன ஆதாயம்? பஸ்ஸில் அம்பத்தூர் போகும் வழியெல்லாம் இதே யோசனைதான்.

ஒரு ஞாயிறு மதியம் நானே உட்கார்ந்து சிடியைச் சோதித்தேன். அதன் பட்டியலில் மெட்ராஸ் இல்லை. பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்து நம் தீர்க்கரேகை எண்பது என்று அடித்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திரையில் நட்சத்திரங்கள் மினுக்குகின்றன, சூரியன் தரைக்கு அடியில் கிடக்கிறது. இதன் பேச்சைக் கேட்டு சூரியனைத் தேடிப் போனால் குழாய் தலைகுப்புற இறங்கித் தூணில்தான் இடிக்கும். என் கண்ணாடி தூள்.

"பாத்தியா?" என்றேன். உள்ளூர சந்தோஷம்தான், மறைப்பானேன்.

"இரு, இன்னான்னு பாக்கறேன்" என்றான். நான் இருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

"ஊட்டுக்கு எட்த்துகினு போறியா? நான் ஒட்ச்சிடுவேன்னு நெனிக்கிறியா?"

"உன்னைச் சொல்லலை, சாஃப்ட்வேரைச் சொல்றேன்" என்றேன். பொய். அவனையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கேண்டீனில் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "ஞாயித்துக்கெழமை வா" என்று மட்டும் சொன்னான்.

போனால் ஒரு நோட்டை நீட்டினான். கண்ணாடி இல்லாத வெறுங்குழாயை வைத்துக்கொண்டு, இரண்டு சாஃப்ட்வேரையும் மாற்றி மாற்றிப் போட்டு, லீவு கிடைத்த பகலெல்லாம் குழாயைச் சூரியனை நோக்கித் திருப்பியிருக்கிறான். குழாய் வழியே வரும் வெயில் அடியில் வைத்த அட்டையில் முழு வட்டமாக விழுந்தால் சரி, ஓரமாக ஒதுங்கினால் தப்பு. ஒவ்வொரு தடவைக்கும் மணி என்ன, பிசகு எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தான். எங்கள் பிரிவில்கூட எவனும் இவ்வளவு சுத்தமாக எழுதமாட்டான். ஜெயித்தது சிடிதான். என்னுடையது பாதி நேரம் குறி தாண்டி ஓடியிருந்தது.

"அப்போ அன்னிக்கு ஏன் அப்படிக் காட்டுச்சு?" என்றேன்.

திரையைக் காட்டினான். அந்த சாஃப்ட்வேரில் கிழக்கு என்றால் எண்பதுக்கு முன்னால் மைனஸ் போட வேண்டுமாம். நான் வெறும் எண்பது போட்டதில், அது எங்களை அமெரிக்காப் பக்கம் நிறுத்தி, அங்கத்திய நடுராத்திரியை ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. செய்தவனே அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. அன்றைக்கு எண்ணை அடித்ததும் நான், தீர்ப்புச் சொன்னதும் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்பு வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கண்ணாடியோடு அவன் மாடியில் போய் நின்றேன். "இந்தா, நீயே மாட்டு" என்றேன். அவன் கை நீட்டவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன் வைத்தான்.

"கீறல், ஒடசல் எதுனா கீதான்னு நல்லா பாத்துக்குங்க சார். ஒண்ணும் இல்லைன்னா அப்டியே எழுதிக் கையெழுத்து போட்டுட்டு நீங்களே மாட்டுங்க. அப்பால என்னைக் கேக்கக்கூடாது."

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் என்னை சார் என்றது அன்றுதான். நான் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.