சுவரில்லாத தண்ணீர்

பரிமளாவுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர் வேறு யாருமில்லை, தாலி கட்டிய சரவணன்தான். 'பாதியில விடறவ.' தையல் வகுப்புக்கு மூன்று மாதம் போய் நிறுத்தினாள். இந்தி படிக்கிறேன் என்று புத்தகம் வாங்கி ஐந்தாம் பாடத்தோடு மூடினாள். எல்லாவற்றுக்கும் முன்னால், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை எழுதாமலே விட்டாள். அன்று காலையில் கல்யாணச் சேலை ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டுமென்று அப்பா அவளைத் தறியில் உட்காரவைத்துவிட்டார். இது சரவணனுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்வார், மனுஷன்! இருபத்தைந்து வருஷமாக நெய்கிறாளே, ஒரு சேலையையாவது பாதியில் விட்டிருக்கிறாளா? அதை யார் பேசுகிறார்கள்?

ஆரணியில் பட்டு நெய்பவர்கள் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க மிதிகட்டையை மிதிப்பவர்கள். நாற்பத்தொரு வயதில் பரிமளாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. "தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டர். நடந்தாள். நடை பிடித்துப்போய், மகள் அகல்யாவுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளைத் துடைத்தெடுத்து, விடிகாலையில் வந்தவாசி சாலையில் ஓட்டினாள்.

சென்னையில் வேலை பார்க்கும் அகல்யா ஒருநாள் போனில் வந்தாள். "அம்மா, டிரையத்லான்னு ஒண்ணு நடக்குது. ஏரியில முந்நூறு மீட்டர் நீச்சல், பதினஞ்சு கிலோமீட்டர் சைக்கிள், மூணு கிலோமீட்டர் ஓட்டம். நடுவுல உக்காரக் கூடாது. புதுசா வர்றவங்களுக்குன்னே வெக்கறாங்க. ஒம் பேர குடுத்துட்டேன்."

"ஐயையோ! எனுக்கு எதுக்குடி இந்த பேஜாரு?"

"கெணத்துல நீ மீனு மாரி நீந்துவேன்னு மாமா சொல்லுவாரே. அப்புறம் இன்னா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சரவணன் சிரித்தார். "குடு குடு. பாதி வழியில ஆட்டோ புடிச்சி வந்துடுவா."

அந்தச் சிரிப்புதான். வேறெதுவும் இல்லை. மறுநாளே அவள் ஓட ஆரம்பித்தாள். டீக்கடையில் ஒருவர் பதறிப்போய் எழுந்து, "யாராச்சும் தொரத்திகினு வர்றாங்களாக்கா?" என்றார். இரண்டு நாய்கள் நிஜமாகவே துரத்தின. சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓடிப்பார்த்தால், கால் இரண்டும் யாருடையதோ போலத் தள்ளாடின. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரணமல்லூர்ப் பக்கம் அண்ணன் மணவாளன் நிலத்துக் கிணற்றுக்குப் போய், சுவர் எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படி, அதை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தினாள். நாற்பது சுற்று. அண்ணன் மேலேயிருந்து எண்ணினார். முந்நூறு மீட்டரென்ன, அதற்கு மேலேயே வரும்.

போட்டியன்று காலையில் ஏரியைப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சுவரே இல்லை. ஆனால் அகல்யா பக்கத்தில் நின்றாள். சரவணன் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விசில் ஊதியதும் குதித்துவிட்டாள். பதினைந்து நிமிஷத்துக்குள் அக்கரை சேராவிட்டால் அதோடு வெளியேற்றிவிடுவார்கள்.

கை போட்டாள், கால் போட்டாள், நன்றாகத்தான் போனாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே சரவணன்! கிளம்பிய கரைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தாள். கிணற்றில் பழகிய உடம்பு தானாக இடப்பக்கம் வளைந்துவிட்டது. மறுபடி திரும்பி நீந்தினாள். மறுபடி வளைந்தது. ஐந்து நிமிஷம் போயே போய்விட்டது. கரையில் யாரோ சிரித்தார்கள்.

காவலுக்கு நின்ற படகுக்காரர் துடுப்புப் போட்டு அருகே வந்தார். "ஏன்மா ரவுண்டு அடிக்கறே? முடியலேன்னா ஏறிக்கோ."

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஏறினால் முடிந்தது. ஏறிக்கொள் என்றுதான் உடம்பும் கெஞ்சியது. பிடித்திருந்த பலகையைப் பார்த்தாள். சட்டென்று கேட்டாள்: "அண்ணா, நீங்க என்ன இழுக்க வேணாம். எனுக்கு வலப்பக்கமா, நேரா, சும்மா வந்துகினே இருங்க. நான் கெணத்து செவுருன்னு நெனச்சிக்கறேன்."

அவர் கரையில் நின்ற, போட்டி விதி தெரிந்த ஒருவரைக் கூவிக் கேட்டார். தொடாமல் போனால் தப்பில்லை என்று பதில் வந்தது. படகு நேராக நகர்ந்தது. பரிமளா அதை ஒட்டி நீந்தினாள். அக்கரையில் கால் பட்டபோது பதினான்கு நிமிஷம் தாண்டியிருந்தது.

சைக்கிளில் ஏறியதும் கதையே வேறு. கட்டை மிதித்த காலாயிற்றே! விலையுயர்ந்த சைக்கிள்காரர்கள் இருவரைப் பள்ளிக்கூடச் சைக்கிளில் முந்தினாள். ஓட்டத்தில் அவர்களே அவளை முந்திப் போனார்கள். கடைசிக் கிலோமீட்டரில் அவளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் மெதுவாக வந்தது. கோட்டைத் தாண்டினாள். அத்தனை பேரிலும் கடைசி.

புல்லில் விழுந்து கிடந்தவளுக்குச் சரவணனின் குரல் கேட்டது. போனில் எதிர்வீட்டுத் திலகவதியிடம் கத்திக்கொண்டிருந்தார். "முடிச்சிட்டா! ஆமா, கடைசிதான். கடைசின்னா இன்னா? முடிச்சிட்டா இல்ல?" போனை வைத்துவிட்டு வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, நனைந்த ஷூ முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் இப்படி உட்கார்ந்ததில்லை.

பரிமளா வானத்தைப் பார்த்தபடி, "அகல்யா, பத்தாவது கணக்குப் பரிட்சைய தனியா எழுதலாமாமே. எப்ப எழுதிப் போடணும்னு பாரு" என்றாள்.

முடிச்சு அவிழவில்லை. சரவணன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பரிட்சை அன்னிக்கி எவ்ளோ அவசரமான சேலையா இருந்தாலும் சரி. ஒன் தறியில நான் ஒக்காந்துக்கறேன்."